வலிப்பு நின்ற பிறகு... பேச்சு ஏன் மாறுகிறது?

சின்னாளபட்டியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 26 வயது மகன். பத்து வருஷமாக வலிப்பு. திருவிழா அலைச்சலில் இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போனது. ஒரே நாளில் நாலு தடவை வலிப்பு! மறுநாள் தெளிவாக எழுந்து இட்லி சாப்பிட்டார். 'அப்பாடா' என்றது வீடு.

மூன்றாம் நாள் ராத்திரி தட்டைத் தள்ளிவிட்டு, "சோத்துல விஷம் வச்சிருக்கீங்க" என்றார். பொட்டுத் தூக்கமில்லை. காதில் யாரோ பேசுகிறார்களாம்.

"காத்துக் கருப்பு அண்டியிருக்கு மதினி. மந்திரிச்சாச் சரியாப் போகும்" என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா.

போகாது. இது பேயுமல்ல, பிசாசுமல்ல. அடுத்தடுத்து வந்த வலிப்பின் தொடர்ச்சி!

ஏமாற்றும் இடைவெளி

வலிப்புக்கும் மனக் குழப்பத்துக்கும் நடுவே சில மணி நேரம் முதல் ஒரு வாரம் வரை ஆள் நன்றாகவே இருப்பார். அதனால்தான் இரண்டையும் யாரும் முடிச்சுப்போடுவதில்லை. டாக்டரிடம், 'நாலு நாளைக்கு முன்னாடி வலிப்பு வந்துச்சு' என்பதை மறக்காமல் சொல்லுங்கள். பாதி நோய் அதிலேயே பிடிபட்டுவிடும்.

வலிப்பு உள்ள நூறு பேரில் சுமார் ஐந்தாறு பேருக்கு மனநோய் அறிகுறிகள் வரலாம். நெற்றிப்பொட்டுப் பக்கத்து மூளைப் பகுதியில் வலிப்பு தொடங்குகிறவர்களுக்கு வாய்ப்பு சற்று அதிகம். சிலருக்கு வலிப்பே வராத நாட்களிலும் சந்தேகமும் குரல்களும் நீடிக்கும். வலிப்பு திடீரென அடங்கும்போது மனம் கலங்குவதும் உண்டு. 1950-களிலேயே லாண்டோல்ட் என்ற டாக்டர் இதை விவரித்திருக்கிறார். லெவிடிராசிட்டம் போன்ற சில வலிப்பு மாத்திரைகளாலும் கோபமும் குழப்பமும் வரலாம்.

சிகிச்சை உண்டா?

நிச்சயமாக உண்டு. உள்ளுக்குள் வலிப்பு இன்னும் ஓடுகிறதா என்று இ.இ.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள். தூக்கத்துக்கு மருந்தும், குறைந்த அளவில் ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்தும் தருவார்கள். வலிப்பைத் தொடர்ந்து வரும் குழப்பம் பெரும்பாலும் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் தெளிந்துவிடும். வலிப்பே இல்லாதபோதும் நீடிக்கும் வகைக்கு நீண்ட நாள் மருந்து வேண்டியிருக்கும்.

இதில் கவனம் தேவை. குளோசபின், குளோர்புரோமசின் போன்றவை வலிப்பைத் தூண்டக்கூடும். வலிப்புக்குத் தரும் கார்பமசெபினோ, மனநோய் மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். எனவே இரண்டு டாக்டர்களிடமும் எல்லாச் சீட்டுகளையும் காட்டுங்கள். 'மாத்திரையாலதான் இப்படி ஆச்சு' என்று நீங்களாக நிறுத்தினால் வலிப்பு மூர்க்கமாகத் திரும்பும்!

கட்டிப்போடாதீர்கள்

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம்.

இந்த நாட்களில் தற்கொலை எண்ணமும் ஆவேசமும் வரலாம். தனியே விடாதீர்கள், கத்தி, பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள். வாதாடாமல், "நாங்க இருக்கோம்ப்பா" என்று மெதுவாகப் பேசுங்கள். வேடசந்தூரோ நிலக்கோட்டையோ, எங்கிருந்தாலும் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச மனநல எண்ணில் இரவு பகல் எந்நேரமும் யோசனை கேட்கலாம்.

அடுத்த முறை வலிப்பு அடுக்கடுக்காக வந்தால், ஒரு வாரம் அவர் தூக்கத்தைக் கவனியுங்கள். தூக்கம் கெட்டதும் டாக்டரிடம் ஓடினால், தட்டைத் தள்ளும் அந்த ராத்திரி வராமலே போகலாம்.