கண்ணகி நகர்ச் சுவர்: எது ஓவியம், எது கிறுக்கல்?

சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்கள், 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களில் கணிசமானோர் தலித்துகள். 2020இல் அங்குள்ள அடுக்குமாடிகளில் தீட்டப்பட்ட மாபெரும் சுவரோவியங்களை ஊடகங்கள் கொண்டாடின. அதே தெருக்களின் கரிக்கோடுகளை எவரும் படமெடுப்பதில்லை. நானும் அழுக்கென்றே கடந்து சென்றவன்தான்.

இரண்டாம் முறை நின்று பார்த்தேன். ஒரு கீழ்த்தள வீட்டின் வெளிச்சுவரில், கிரிக்கெட் ஓட்டக் கணக்குக்கு அருகே, அம்பேத்கரின் மூக்குக்கண்ணாடி. முகம் இல்லை, இரண்டு வட்டங்கள், இடையே ஒரு கோடு. யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் (உருக்குலைத்தல் தடுப்பு) சட்டம், 1959, பொதுப்பார்வையில் படும் சுவரில் எழுத்துமூல இசைவின்றி விளம்பரம் எழுதுவதைக் குற்றமாக்குகிறது. சொல், குறி, உருவம் ஆகியவற்றைத் தாங்கிய எதுவும் ‘விளம்பரம்’ ஆகலாம் என்னுமளவுக்கு வரையறை அகன்றது. ஆயினும் இசைவளிக்கும் உரிமை உடைமையாளருக்கு மட்டுமன்று, குடியிருப்பவருக்கும் உண்டு. ஒதுக்கீட்டு ஆணை மட்டுமே கையிலுள்ள குடும்பமும் குடியிருப்பவரே என்பது என் வாதம்.

அவ்வீட்டு அம்மாவிடம் கேட்டேன். “பிள்ளைங்க வரைஞ்சது, இருக்கட்டும்” என்றார். இசைவு கிடைத்தது, சட்டம் கேட்கும் எழுத்து வடிவில் அன்று.

அடுத்த முறை சென்றபோது, கண்ணாடிக்குக் கீழே வேறொரு கை நீலச் சாக்குக்கட்டியால் கழுத்துப்பட்டை வரைந்திருந்தது.