கோடையில் குளிர் பலகாரம்

கோடை விடுமுறையில், உச்சி வெயில் நேரத்தில், தெருக்கோடியில் ஐஸ் வண்டியின் மணியோசை கேட்டதும் வாசலுக்கு ஓடாத சிறுமியர் உண்டோ? பால் ஐஸ், சேமியா ஐஸ், மாம்பழ ஐஸ் என்று அந்தப் பெட்டியிலிருந்து வெளிவரும் ஒவ்வொன்றும் நாவுக்கு விருந்துதான். அவற்றை நம் வீட்டிலேயே, தம்பி தங்கையரையும் சேர்த்துக்கொண்டு செய்துவிடலாம். கேக்கும் பிஸ்கோத்தும் செய்ய ஓவன் வேண்டும்; இவற்றுக்கு அது வேண்டியதில்லை. பாலையும் நீரையும் காய்ச்சும் வேலையைப் பெரியவர்கள் செய்து கொடுத்தால் போதும். மற்றதெல்லாம் பிள்ளைகளே செய்யலாம்.

ஒரு காலத்தில் நம் நாட்டில் ஐஸ்கட்டி கிடைத்தற்கரிய பொருளாக இருந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டி, கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. அதைச் சேமித்து வைக்க 1842-ஆம் ஆண்டில் கட்டிய கட்டடமே, இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கடற்கரை 'ஐஸ் ஹவுஸ்'. அன்று கடல் கடந்து வந்த பொருள் இன்று பல வீடுகளில் ஃபிரிட்ஜின் மேல் அறையிலேயே இருக்கிறது. எளிதாகக் கிடைப்பதாலேயே அதன் குணத்தை அறிந்துகொள்ள நாம் மறந்துவிடுகிறோம்.

நான் கற்ற பாடம்

செய்முறைக்கு முன் என் சிறு வயதில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்த புதிது. அம்மா கடைக்குச் சென்றிருந்த ஒரு பிற்பகலில், குடத்து நீரை அப்படியே மொண்டு, எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்து, ஐஸ் தட்டில் ஊற்றி வைத்தேன். மறுநாள் முதல் கட்டி என் தம்பிக்கு. நான்கு வயதுப் பிள்ளை, வாய் சிவக்க உறிஞ்சிச் சிரித்தது இன்னும் என் கண்முன் நிற்கிறது.

அடுத்த நாள் இரவு அவனுக்கு வாந்தியும் பேதியும் கண்டன. இரண்டு நாட்கள் அம்மா அவன் பக்கத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. உப்புச் சர்க்கரை நீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டே, "தண்ணீரைக் காய்ச்சினாயா?" என்று என்னிடம் கேட்டார். "ஐஸில் வைத்தால் கிருமி செத்துவிடாதா, அம்மா?" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. தம்பி பிழைத்து எழுந்தான். நோய் வேறு எதனாலும் வந்திருக்கலாம். ஆனால் நான் கேட்ட கேள்விக்கு விடை என்ன என்பதை மட்டும் நான் பிறகு மறக்கவே இல்லை.

விடை இதுதான்: குளிர் கிருமிகளைக் கொன்று நீரைத் தூய்மையாக்குவதில்லை. அவற்றில் பலவற்றை உறங்க மட்டுமே வைக்கிறது. கட்டி உருகி வயிற்றுக்குள் சென்றதும் அவை விழித்துக்கொள்கின்றன. நல்லதை வைத்தால் நல்லதையும், கெட்டதை வைத்தால் கெட்டதையும் ஐஸ் அப்படியே காத்துத் தரும்.

ஆகவே நான்கு விதிகள்:

1. நீர் நன்றாகத் தளதளவென்று கொதித்தபின் மேலும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைக்க வேண்டும். பாலும் காய்ச்சியதாகவே இருக்கட்டும்.
2. கை, பாத்திரம், குச்சி, பழத்தின் தோல் எல்லாவற்றையும் முதலில் கழுவ வேண்டும். கைக்குச் சோப்பு அவசியம்.
3. உறைய வைக்கும் பாத்திரம் மூடியிருக்க வேண்டும். மீன், இறைச்சி அருகில் வைக்கக் கூடாது.
4. உருகிப்போனதை மீண்டும் உறைய வைத்துக் கொடுக்கக் கூடாது.

இனிப்பு ஏன் குறைகிறது?

தூய நீர் பூஜ்யம் பாகை செல்சியஸில் உறையும். சர்க்கரை கரைந்த நீர் உறைய அதைவிட அதிகக் குளிர் வேண்டும். எனவே சர்க்கரையை அள்ளிப் போட்டால் ஐஸ் இறுகாமல் கூழாகவே நிற்கும். சர்க்கரையே இல்லாவிட்டால் கல்லாகிப் பல்லை உடைக்கும். மேலும், குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். ஆகையால் கலவையைச் சுவைக்கும்போது வழக்கத்தைவிடச் சற்றே தித்திப்பாக இருந்தால் அளவு சரி என்று கொள்ளுங்கள்.

மாம்பழக் குச்சி ஐஸ்

நன்கு பழுத்த மாம்பழம் 2, காய்ச்சி ஆறிய பால் 1 தம்ளர், சர்க்கரை 3 மேஜைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பழத்தைப் பிசைந்து நாரை வடிகட்டுங்கள். பிசைவது சிறு பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. எல்லாவற்றையும் சேர்த்துச் சர்க்கரை கரையும் வரை கலக்கி, சிறிய எவர்சில்வர் தம்ளர்களில் முக்கால் அளவு ஊற்றுங்கள். உறையும்போது கலவை விரியும். அதனால்தான் விளிம்பு வரை ஊற்றுவதில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பாதி இறுகியதும் நடுவில் குச்சியையோ சிறு கரண்டியையோ நிறுத்துங்கள். இரவு முழுவதும் இருக்கட்டும். எடுக்கும்போது தம்ளரின் அடியைச் சாதாரண நீரில் சில நொடிகள் அமிழ்த்தினால் ஐஸ் தானே கழன்று வரும்.

சேமியா பால் ஐஸ்

பால் அரை லிட்டர், சேமியா 2 மேஜைக்கரண்டி, சர்க்கரை 5 மேஜைக்கரண்டி, ஏலக்காய் 2. பால் முக்கால் பங்காகச் சுண்டும் வரை காய்ச்சி, சேமியாவை அதிலேயே வேகவைத்து, சர்க்கரையும் ஏலப்பொடியும் சேர்த்து இறக்குவது பெரியவர் வேலை. நன்றாக ஆறிய பிறகே தம்ளரில் ஊற்ற வேண்டும். சேமியா அடியில் தங்கிவிடும். ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை கிளறிவிட்டு, பிறகு குச்சியை நிறுத்தினால் எங்கும் பரவி நிற்கும்.

வாழைப்பழ வில்லைகள்

மூன்று வாழைப்பழங்களை விரல் கனத்துக்கு வட்டமாக நறுக்குங்கள். துணியில் கட்டி நீர் வடித்த தயிர் அரைக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி சர்க்கரை கலந்து, ஒவ்வொரு வில்லையையும் அதில் தோய்த்து, வறுத்துப் பொடித்த வேர்க்கடலையில் புரட்டுங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் தேங்காய்த் துருவல் போதும். தட்டில் கழுவித் துடைத்த வாழையிலைத் துண்டைப் பரப்பி, ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குங்கள். மூன்று மணி நேரத்தில் தயார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கடலையோ உறைந்த முழுத் திராட்சையோ கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில்

ஃபிரிட்ஜ் இல்லையே என்று வருந்த வேண்டாம். 1843-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி கையால் சுழற்றும் ஐஸ்கிரீம் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் தத்துவம் நம் சமையலறையிலும் செல்லும். ஒரு பெரிய பாத்திரத்தில் உடைத்த ஐஸ் மூன்று பங்கும் கல்லுப்பு ஒரு பங்கும் போடுங்கள். நடுவில், இனிப்பும் ஏலமும் சேர்த்த குளிர்ந்த பாலை ஒரு மூடிய எவர்சில்வர் தூக்கில் பாதியளவு வைத்துப் புதையுங்கள். உப்பு ஐஸை உருக்குகிறது. உருகுவதற்கு வெப்பம் தேவை. அந்த வெப்பம் தூக்கிலுள்ள பாலிலிருந்து போகிறது. உப்பும் ஐஸும் கலந்த கலவை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 20 பாகை வரைகூட இறங்க வல்லது. தூக்கைத் திருப்பிக்கொண்டே இருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து, ஓரத்தில் இறுகுவதைச் சுரண்டிக் கலக்கினால், அரை மணி நேரத்தில் மென்மையான ஐஸ்கிரீம் கிடைக்கும். கலக்கக் கலக்கப் பனித்துகள் சிறுத்து, பதமும் மிருதுவாகும்.

இரண்டு எச்சரிக்கைகள்: உப்பு ஐஸை வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் புண்ணாகும், துணி சுற்றிப் பிடியுங்கள். வெளியிலுள்ள ஐஸ் ஒரு துளியும் பாலில் விழக் கூடாது. கடையில் வாங்கும் பெரிய ஐஸ் பாளம் பொருட்களைக் குளிர்விக்கவென்றே செய்யப்பட்டதாக இருக்கலாம். அது உண்பதற்கு உகந்ததல்ல.

பெற்றோருக்கு ஒரு சொல்

பிள்ளைகள் சமையலறைக்கு வந்தால் சிந்தும், சிதறும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு வயதுக் குழந்தை பழம் பிசையட்டும். எட்டு வயதுச் சிறுமி அளந்து ஊற்றட்டும். பன்னிரண்டு வயதுப் பெண் கத்தியைப் பிடித்து நறுக்கப் பழகட்டும். பையன்களும் பாத்திரம் கழுவட்டும். அடுப்பருகே மட்டும் பெரியவர் நிற்க வேண்டும். 'தொடாதே' என்று விரட்டப்பட்ட பிள்ளை, நாம் இல்லாத வேளையில் தானே தொட்டுப் பார்க்கும். நானும் அப்படித்தான் செய்தேன். அன்று அருகில் ஒருவர் இருந்து ஒரு சொல் சொல்லியிருந்தால், தம்பிக்கு நான் கொடுத்தது காய்ச்சிய நீராக இருந்திருக்கும்.

மாணவியரே! இந்த விடுமுறையில் உங்கள் தம்பி தங்கையின் கையில் முதல் குச்சி ஐஸைக் கொடுக்கும்போது, அது இனிப்பாக இருக்கிறதா என்று கேட்குமுன், தூய்மையாக இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்று நெஞ்சு சொன்னால், தயங்காமல் கொடுங்கள். நீங்களும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்!