காற்றில் வரும் இணையம் கம்பியில் ஏறும்!

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மாடியில் பெரியப்பா குடும்பம். கீழே தம்பி குடும்பம். இணையம் தரும் பெட்டி மாடியில் இருக்கிறது. அங்கிருந்து 'வைஃபை' அலை கீழ் வீட்டுக்கும் வருகிறது. கைப்பேசியில் பாட்டு கேட்கிறது, படம் ஓடுகிறது.

ஆனால், மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது. பிரிண்டரும் அதனுடன்தான் இணைந்திருக்கிறது. மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு நாளை கடைசி நாள்!

"அப்பா, போனில் எழுத்தெல்லாம் பொடிப் பொடியாகத் தெரிகிறது. மதிப்பெண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டால் என்ன செய்வது?" என்கிறாள் அவள்.

"அந்தக் கம்ப்யூட்டரில் வைஃபை வராதே, அம்மா!" என்கிறார் தந்தை.

புதிதாக ஒன்று வாங்க வேண்டுமா? வேண்டவே வேண்டாம்!

காது இல்லை, அவ்வளவுதான்

வைஃபை என்பது ரேடியோ அலை. அதைப் பிடிக்கும் காது பழைய கம்ப்யூட்டருக்கு இல்லை. ஆனால், அதன் பின்பக்கம் ஒரு சதுரத் துளை இருக்கிறது. 'ஈதர்நெட்' என்ற கம்பியை அதில் செருகலாம். டெலிபோன் கம்பியின் முனையைவிடச் சற்றுப் பெரிய முனை. செருகினால் 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும்.

கம்பியின் மறுமுனையை வீட்டில் உள்ள லேப்டாப்பில் செருகுங்கள். லேப்டாப்புக்குக் காதும் உண்டு; துளையும் பெரும்பாலும் உண்டு. (மெல்லிய புது லேப்டாப்புகள் பலவற்றில் துளை இல்லை. கம்பி வாங்கக் கடைக்கு ஓடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்!)

பிறகு, விண்டோஸ் லேப்டாப்பில் 'நெட்வொர்க் கனெக்ஷன்ஸ்' பகுதியைத் திறக்க வேண்டும். வைஃபை படத்தின் மீது மவுசின் வலப் பொத்தானை அழுத்தி, 'ப்ராப்பர்டீஸ்' போக வேண்டும். அதில் 'ஷேரிங்' என்று ஒரு பக்கம். அங்குள்ள முதல் கட்டத்தில் டிக் போட வேண்டும். எந்த வழியாகக் கொடுப்பது என்று கேட்டால், ஈதர்நெட்டைக் காட்ட வேண்டும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஈதர்நெட் படத்தைத் திறந்து, அதில் டிக் போட்டுவிடுகிறார்கள். இணையம் எந்த வாசலில் வருகிறதோ, அந்த வாசலில்தான் டிக் போட வேண்டும்.

இந்த வசதி புதிதல்ல. 1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இருந்தது.

தபால் வாங்கும் பெரியவர்

லேப்டாப் இப்போது என்ன செய்கிறது? வீட்டுத் தபாலை எல்லாம் தன் பெயரில் வாங்கி, உள்ளே உரியவரிடம் கொடுக்கும் பெரியவரைப் போல வேலை செய்கிறது. கம்ப்யூட்டர் கேட்பதைத் தன் பெயரில் கேட்டு வாங்குகிறது. கேட்டது யார் என்று குறித்து வைத்து, அதனிடமே சேர்க்கிறது. இந்த வேலைக்கு அது வைத்துக்கொள்ளும் விலாசம் 192.168.137.1. கம்ப்யூட்டருக்கும் ஒரு விலாசத்தை அதுவே கொடுத்துவிடும்.

ஹவாய்த் தீவில் பிறந்த யோசனை

ஒரு வேடிக்கை தெரியுமா? ஈதர்நெட் கம்பிக்கு வழிகாட்டியதே கம்பி இல்லாத முறைதான்!

1971-ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆபிரம்சன் குழுவினர், கடல் நடுவே தனித்தனியாக இருந்த தீவுகளின் கம்ப்யூட்டர் வசதியை ரேடியோவால் இணைத்தார்கள். அதன் பெயர் 'அலோஹாநெட்'. இரண்டு பேர் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பினால், இரண்டும் மோதிக் கெட்டுவிடும். உடனே அனுப்பாதே, சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பு என்பதே அங்கே ஏற்பாடு. அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த ராபர்ட் மெட்கால்ஃப் இதைப் படித்தார். 1973-ல் அதே யோசனையைத் திருத்திக் கம்பிக்குள் கொண்டுவந்தார்.

லேப்டாப் இல்லையா?

ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கம்பியால் கம்ப்யூட்டரில் மாட்டி, 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை அழுத்துங்கள். போன் வைஃபையில் இருந்தால், அந்த இணையமே பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குப் போகும். தினமும் தேவை என்றால், யுஎஸ்பி துளையில் செருகும் சிறு வைஃபை துண்டு கடையில் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. அதில் பாங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

லேப்டாப்பை நிறுத்தி மறுபடி போட்டால், சில சமயம் இணைப்பு வராது. டிக்கை எடுத்துவிட்டு மீண்டும் போட்டால் சரியாகும். லேப்டாப் தூங்கினாலும் கம்ப்யூட்டருக்கு இணையம் போய்விடும். ஆகவே, விண்ணப்பம் போய்ச் சேர்ந்து ரசீது அச்சாகும் வரை, "இதை ஏன் திறந்து போட்டிருக்கிறீர்கள்?" என்று பாட்டி வந்து மூடிவிடாமல் ஒருவர் காவல் இருக்க வேண்டும்!