உங்கள் வெப்சைட் பெயரிலேயே வரும் வில்லங்க லிங்க்! - துறையூர் கடைக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டிய 'சி-பேனல்' ஓட்டை

துறையூர் கடைவீதியில் ஒரு நடை போனால், போன் நம்பருக்குக் கீழே வெப்சைட் முகவரியையும் எழுதி வைத்திருக்கும் போர்டுகள் கண்ணில் படும். நகைக்கடை, தனியார் பள்ளி, டிராவல்ஸ், கல்யாண மண்டபம் என ஆளுக்கொரு வெப்சைட். திருச்சியிலோ சென்னையிலோ இருக்கும் டிசைனர் யாராவது செய்து கொடுத்திருப்பார். வருடத்துக்கு ஒருமுறை 'ரினீவல்' பணம் கேட்டு வாட்ஸ்அப்பில் மெசேஜ் வரும். கடைக்காரருக்கும் வெப்சைட்டுக்கும் உள்ள உறவு பெரும்பாலும் அவ்வளவுதான்.

அந்த வெப்சைட்டின் சாவிக்கொத்து எங்கே தொங்குகிறது என்று கேட்டால், பலருக்கும் பதில் தெரியாது. உலகம் முழுக்க ஏராளமான சிறிய வெப்சைட்டுகளுக்கு அது தொங்கும் இடம் 'சி-பேனல்'. 1996-ல் அமெரிக்காவில் உருவான நிர்வாக மென்பொருள் இது. வெப்சைட்டின் ஃபைல்கள், கம்பெனி பெயரில் இருக்கும் இமெயில்கள், வாடிக்கையாளர் விவரம் இருக்கும் டேட்டாபேஸ் என அத்தனையையும் ஒரே திரையில், பிரவுசர் வழியாகவே நிர்வகிக்கலாம். வசதிதான். ஆனால், அந்த ஒரு திரை அடுத்தவர் கைக்குப் போனால் மொத்தமும் போச்சு.

2023-ன் தொடக்கத்தில் அந்தத் திரையில்தான் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த 'அசெட்நோட்' என்ற பாதுகாப்பு நிறுவனம். ஓட்டையின் வகை, 'கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்'. சுருக்கமாக, எக்ஸ்.எஸ்.எஸ்.

மைக்கில் வாசிக்கப்படும் துண்டுச்சீட்டு

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். துறையூருக்குப் பக்கத்தில் இருக்கும் பெருமாள்மலையில், புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். யாரையாவது காணோம் என்றால், பெயரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மைக் பிடித்திருப்பவரிடம் கொடுப்போம். அவர் வாசிப்பார். ஒரு வில்லங்கமான ஆள், பெயருக்குக் கீழே 'பக்தர்கள் அனைவரும் நகைகளைக் கழற்றி, வாசலில் நிற்கும் நீலச்சட்டைக்காரரிடம் ஒப்படைக்கவும்' என்று எழுதிக் கொடுக்கிறார். மைக்காரர் யோசிக்காமல் அதையும் சேர்த்து வாசித்துவிட்டால்? கூட்டத்தின் காதில் விழுவது அந்த ஆளின் குரல் அல்ல, கோயிலின் குரல். அதனால் நம்பிவிடுவார்கள்.

எக்ஸ்.எஸ்.எஸ் நடப்பதும் அப்படித்தான். துண்டுச்சீட்டு என்பது லிங்க். மைக்காரர், சர்வர். கேட்டபடி செய்யும் கூட்டம், உங்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் பிரவுசர்.

சி-பேனலில் நடந்தது என்ன? அதன் உள்வேலைக்கான ஒரு முகவரியில் தப்பான அடையாள எண்ணைக் கொடுத்தால், 'இந்த எண் செல்லாது' என்று ஒரு பக்கம் வரும். அந்தப் பக்கத்தில், நாம் என்ன எழுதினோமோ அதையே திருப்பிக் காட்டும். எண்ணுக்குப் பதிலாக ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையை எழுதினால், அதை வெறும் எழுத்தாக மாற்றிவிட்டுத்தான் காட்டியிருக்க வேண்டும். மாற்றவில்லை. பிரவுசர் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு இயக்கிவிட்டது. ஒரு 'தவறு' என்று சொல்லும் பக்கமே தவறாகிப்போனதுதான் இதில் வேடிக்கை.

லிங்க்கைப் பார்த்தாலும் தெரியாது

'லிங்க்கைத் தொடுவதற்கு முன் முகவரியைச் சரிபாருங்கள்' என்று போலீஸிலிருந்து வங்கி வரை எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால், இந்த ஓட்டையின் முன்னால் அது பாதிக்கு மேல் பயனில்லாமல் போகிறது. ஏனென்றால், அந்த லிங்க் தொடங்குவதே உங்கள் வெப்சைட்டின் உண்மையான பெயரில்தான்.

சி-பேனலுக்குள் நுழைய 2083 போன்ற தனி வாசல்கள் உண்டு. அவற்றைப் பூட்டிவைத்தால் போதும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால், வாடிக்கையாளர்கள் வந்துபோகும் 80, 443 என்ற வழக்கமான வாசல்களிலும் இந்த ஓட்டை வேலை செய்தது. அங்கு வரும் சில முகவரிகளை சி-பேனலுக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு சர்வரிலேயே இருந்ததுதான் காரணம்.

'உங்கள் வெப்சைட்டில் இந்தப் பக்கம் திறக்கவில்லை, கொஞ்சம் பாருங்கள்' என்று ஒரு மெசேஜ் வருகிறது என வைத்துக்கொள்வோம். அதில் இருப்பது சொந்த வெப்சைட் முகவரி. யார்தான் தொடமாட்டார்கள்? அந்த நேரத்தில் சி-பேனலில் லாக்-இன் செய்திருந்தால், பாஸ்வேர்டு தெரியாமலேயே அந்த லாக்-இன்னைத் தன் வசமாக்க எதிராளிக்கு வழி கிடைக்கும். அதன்பின், நன்கொடைப் பக்கத்தில் இருக்கும் க்யூஆர் கோடை மாற்றிவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? பணம் வேறு கணக்குக்குப் போகும். கேள்வி மட்டும் டிரஸ்ட்டைத் தேடி வரும்.

லாக்-இன் செய்யாத பொதுமக்களுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. பள்ளியின் உண்மையான முகவரியிலேயே போலியான கட்டணப் பக்கம் ஒன்றை, அந்த லிங்க்கைத் தொடுபவர் கண்ணுக்கு மட்டும் காட்ட முடியும்.

2023 ஜனவரி 23 அன்று அசெட்நோட் இதை சி-பேனல் நிறுவனத்திடம் தெரிவித்தது. மார்ச் 1 அன்று திருத்தம் வெளியானது. சர்வர்கள் அப்டேட் ஆகட்டும் என்று காத்திருந்து, ஏப்ரல் 26 அன்றுதான் விவரங்கள் பகிரங்கமாயின. இணையத்தில் அப்போது வெளியே தெரிந்த சி-பேனல் நிறுவல்கள் ஏறத்தாழ 14 லட்சம். தானியங்கி அப்டேட் போட்டிருந்தவர்களுக்குச் சத்தமில்லாமல் சரியாகிவிட்டது. அதை நிறுத்தி வைத்திருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

இத்தனைக்கும் இந்த ஓட்டைக்கு (சி.வி.இ-2023-29489) கிடைத்த அபாய மதிப்பீடு 'நடுத்தரம்'தான். பெரிய கம்பெனிக்கு, தனியாக ஒரு பாதுகாப்புக் குழு இருப்பதால், அது நடுத்தரமாக இருக்கலாம். டிசைனர் போனை எடுக்கவில்லை என்றால் அடுத்து யாரைக் கூப்பிடுவது என்றே தெரியாத ஒரு கடைக்காரருக்கு இது நடுத்தரம் இல்லை.

எக்ஸ்.எஸ்.எஸ் புதிய நோயும் அல்ல. அமெரிக்காவின் 'செர்ட்' அமைப்பு 2000 பிப்ரவரியிலேயே எச்சரித்துவிட்டது. 'ஆர்குட்' காலத்து ஆட்களுக்கு 2010 செப்டம்பர் 25 நினைவிருக்கலாம். 'போம் சபாடோ' என்ற போர்ச்சுகீசிய வாழ்த்து, பிரேசில், இந்தியா என ஸ்கிராப்புக்கு ஸ்கிராப் தானாகவே தாவியது. வாழ்த்தைப் பார்த்தாலே போதும், உங்கள் பெயரில் நண்பர்களுக்கும் போய்விடும். அதுவும் இதே வகை ஓட்டைதான். மிக ஆபத்தான மென்பொருள் பலவீனங்கள் என்று 'மைட்டர்' அமைப்பு வெளியிட்ட 2024-ம் ஆண்டின் 25 பெயர்கள் கொண்ட பட்டியலிலும் முதலிடம் எக்ஸ்.எஸ்.எஸ்-க்கே.

'பில்ட்' நம்பரைப் பாருங்கள்!

சி-பேனலுக்குள் போனால் 'சர்வர் இன்ஃபர்மேஷன்' என்று ஒரு லிங்க் இருக்கும். அதைத் திறந்தால் சி-பேனலின் வெர்ஷனும் 'பில்ட்' நம்பரும் தெரியும். 108 என்ற வரிசையாக இருந்தால் பில்ட் 13 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 106 என்றால் 18, 102 என்றால் 31. 110-ம் அதற்குப் பின் வந்த வெர்ஷன்களும் என்றால், இந்த ஓட்டையைப் பொறுத்தவரை கவலை இல்லை. அதற்குக் கீழே இருந்தால் அப்டேட் செய்ய வேண்டியவர் நீங்கள் அல்ல, சர்வரை வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் நிறுவனம். அவர்களுக்கு எழுத்துமூலமாகக் கேட்டு இமெயில் அனுப்புங்கள்.

லாக்-இன் விவரமே உங்களிடம் இல்லையா? டிசைனரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். கேட்கும்போது இன்னொன்றையும் விசாரியுங்கள். டிசைனர்கள் பலர் 'ரீசெல்லர்' கணக்கு ஒன்றை வாங்கி, அதன்கீழ் பல வாடிக்கையாளர்களின் வெப்சைட்டுகளை வைத்திருப்பார்கள். அவர் லாக்-இன் செய்துவிட்டு, லாக்-அவுட் செய்யாமல் ஒரே பிரவுசரில் மெயிலும் வாட்ஸ்அப்பும் பார்ப்பவர் என்றால், அவர் தொடும் ஒரு தப்பான லிங்க் அத்தனை கடைகளின் ஷட்டரையும் சேர்த்துத் திறந்துவிடும்.

ஆர்வக்கோளாறில் 'பக்கத்துக் கடை வெப்சைட்டில் ஓட்டை இருக்கிறதா' என்று சோதித்துப் பார்க்கும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உரிமையாளரின் அனுமதியின்றி உள்ளே நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவின்கீழ் 3 ஆண்டுகள் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஓட்டை கண்ணில் பட்டால், மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்புக்குத் தெரிவிக்கலாம். க்யூஆர் கோடு மாறி, பணமே போய்விட்டது என்றால் யோசிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.