காட்டரணும் படையரணும்

அரண் என்றதும் மதிலும் அகழியும் வாயிற்காவலருமே பலர் நினைவில் எழுவர். வள்ளுவர் பார்வையோ இதனினும் அகன்றது. பொருட்பாலில் அரண் 75-ஆம் அதிகாரம், பொருள் செயல்வகை 76-ஆவது, படைமாட்சி 77-ஆவது. அரண் அதிகாரத்தின் இரண்டாங் குறள் நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் அரணென எண்ணுகிறது. மதிலின் இலக்கணம் அதற்கடுத்த குறளில்தான் வருகிறது. இயற்கை தரும் காவல் முன்னும், மனிதன் எழுப்பும் காவல் பின்னும் நிற்றல் காண்க. இன்றைய அரசுகளின் செலவுக் கணக்கிலோ இம்முறை தலைகீழாயிற்று.

ஸ்டாக்ஹோம் அனைத்துலக அமைதி ஆய்வுக் கழகத்தின் கணக்குப்படி, 2024-ஆம் ஆண்டில் உலக நாடுகள் படைக்குச் செலவிட்ட தொகை ஏறத்தாழ 2.7 இலட்சம் கோடி அமெரிக்க டாலர். அதே ஆண்டு பாக்கு நகரில் கூடிய பருவநிலை மாநாட்டில், வளர்ந்த நாடுகள் முன்னின்று வளரும் நாடுகளுக்கென ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டுவதென முடிவாயிற்று. அதுவும் 2035-க்குள் எட்டவேண்டிய இலக்கே. முன்னது ஓராண்டில் செலவாகிவிட்ட பணம். பின்னது அதில் ஒன்பதில் ஒரு பங்களவான வாக்குறுதி. 2009-இல் கோப்பன்ஹேகனில் கூறப்பட்ட 10,000 கோடி டாலர் 2020-இல் கிடைத்திருக்க வேண்டும். இரண்டாண்டு தாழ்ந்தே அது நிறைவேறிற்று.

இவ்விரு தொகைகளும் ஓரினமல்ல என்பதையும் சொல்லுதல் முறை. பருவநிலைக்காக ஒவ்வொரு நாடும் தன்னகத்தே இடும் பணமும், தனியார் முதலீடும் மேற்கண்ட 30,000 கோடியின் இலக்கணத்துக்குள் முழுதும் அடங்குவன அல்ல. ஆயினும், எளிய நாடுகள் பிறர் கையை நோக்கியிருக்கும் இடத்தில் கொடை எத்துணைச் சிறிது என்பதை இவ்வொப்பீடு காட்டும்.

மலேசியாவின் நிலை யாது? 2021 இறுதியில் தொடங்கிய பெருவெள்ளத்தால் நாட்டுக்கு நேர்ந்த இழப்பைப் புள்ளிவிவரத் துறை 610 கோடி வெள்ளி என மதிப்பிட்டது. 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தற்காப்பு அமைச்சுக்கு ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 2,100 கோடி வெள்ளி. அதனோடு ஒப்பிடின், ஒரு வெள்ளம் கொண்டுபோனது அதன் நான்கிலொரு பங்கினும் மிகுதி. எப்பகைவனும் எல்லை தாண்டாமலே நேர்ந்த இழப்பு இது.

ஜொகூரில் 2023 மார்ச்சில் 40,000-க்கும் மேற்பட்டோர் துயர் துடைப்பு மையங்களில் தங்கினர். ஆயர் ஈத்தாம் அடங்கிய பத்து பகாட் மாவட்டத்தில், அடுத்துள்ள யோங் பெங் உள்ளிட்ட தாழ்நிலங்களில், நீர் வடியப் பல நாட்கள் சென்றன. ஒரு வெள்ளத்தின் பழி முழுவதையும் பருவநிலை மாற்றத்தின்மேல் ஏற்றுதல் தகாது. எனினும் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது அது பெருமழையாகும். மேலும், மேற்கு ஜொகூரில் தழை மக்கிப் படிந்த சதுப்பு நிலங்கள், பயிருக்காக வடிகால் வெட்டப்பட்டதால் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தாழ்கின்றன. நிலம் தாழ நீர் வடியும் வழி குறுகும். நிலவரண் தளர்வதென்பது இதுவே.

காட்டரணுக்கும் சான்றுண்டு. 2004 ஆழிப்பேரலையின்போது, தமிழகத்துப் பிச்சாவரத்தின் அலையாத்திக் காடுகள் தமக்குப் பின்னிருந்த ஊர்களில் அழிவைக் குறைத்தன. ஜொகூரின் தென்கோடியில் தஞ்சோங் பியாய் அலையாத்திக் காடு 2003-இல் அனைத்துலக ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. வேலி கட்டினால் ஆண்டுதோறும் பழுது பார்க்க வேண்டும். காடோ காத்தால் தானே வளரும்.

படை வேண்டாவென்பது இதன் கருத்தன்று. 2013-இல் லகாட் டத்துவில் ஊடுருவல் நேர்ந்தபோது நாட்டைக் காத்தவர் படையினரும் காவல்துறையினருமே. வெள்ளக் காலத்தில் மக்களைப் படகிலும் பாரவண்டியிலும் ஏற்றிக் கரைசேர்ப்போரும் அவரே. ஆனால் மீட்பது வேறு, காப்பது வேறு. வெள்ளம் வந்தபின் செல்லும் படகுக்குப் பணமிருந்து, அதைத் தடுக்கும் கால்வாய்க்கும் காட்டுக்கும் பணமில்லையெனில், அவ்வரண் ஒருபுறம் மட்டும் மதிலெழுப்பிய கோட்டையே.

அரண் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், மாணவரின் ஊர்வழிச் செல்லும் ஆற்றையும் அந்நான்கு அரண்களுள் ஒன்றாகக் காட்டுவாராயின், பாடம் ஏட்டோடு நில்லாது.