கழிவுநீரும் கதிர்மணியும்

கனி கொடாத அத்திமரத்தை வெட்டிவிடச் சொன்ன தலைவனிடம், சுற்றிலும் கொத்தி எருவிடுவதாகத் தோட்டக்காரன் மன்றாடியதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். பிறர் அருவருக்கும் எருவில் அவன் நாளைய கனியைக் கண்டான். நம் நகரங்களின் கழிவுநீரையும் அக்கண்கொண்டு நோக்குவோமா?

பெரம்பலூர், அரியலூர் மானாவாரி நிலங்களில் மக்காச்சோளம் வானத்தை நம்பியே விளைகிறது. மழை பொய்த்தால் உழவரின் கடன் ஏறுகிறது. உரவிலையும் அவரை வாட்டுகிறது. பொட்டாஷ் உரமோ ஏறக்குறைய முழுவதும் அயல்நாடுகளிலிருந்தே வருகிறது. ஆனால் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் வீட்டுக் கழிவுநீரில் கலந்து வீணே ஓடுகின்றன.

2018இல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து, வறண்ட கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்பும் திட்டம் தொடங்கிற்று. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது அதன் இலக்கு. ஏரிகள் நிரம்பின; நிலத்தடி நீர் உயர்ந்தது. எனினும், இன்னும் ஒருபடி மேலான சுத்திகரிப்பு வேண்டுமென்று வழக்கு எழுந்தது. அது வீண் அச்சமன்று. கான்பூரை அடுத்த ஜாஜ்மாவில் தோல் ஆலைக் கழிவு கலந்த நீர் வயல்களில் பாய்ந்ததால் மண்ணில் குரோமியம் சேர்ந்தது. ஆகவே ஆலைக் கழிவு வீட்டுக் கழிவோடு கலத்தல் ஆகாது.

தானியம் காய்ந்து, வெந்த பின்னரே உணவாகிறது. ஆதலால் பச்சையாக உண்ணும் காய்களைவிட அதில் ஆபத்து குறைவு. ஆயினும் வயலில் வெறுங்காலோடு நிற்பவரைக் கொக்கிப்புழு பற்றும். குடற்புழு முட்டைகள் அடியில் படியும்வரை நீரைக் குளங்களில் தேக்குதல் வேண்டும். அறுவடைக்கு முன்னரே பாய்ச்சலை நிறுத்துதல் வேண்டும். நீரிலேயே தழைச்சத்து இருப்பதால் யூரியாவையும் குறைத்தல் வேண்டும். மிகுந்தால் பயிர் சாய்ந்துவிடும்.

நகரத்திற்குத் தூய்மை, நிலத்திற்கு வளம், கூலியாளுக்கு நோய் என்றால் அது நீதியாகுமா? மனிதர் கையால் மலம் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது; அதன் பின்னும் கழிவுத் தொட்டிகளில் இறங்கியோர் நச்சுக் காற்றால் மாண்டனர். பொருளையும் மனிதரையும் பயன்படுத்தி எறியும் மனப்பான்மையைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கண்டித்ததை நாம் மறத்தலாகாது.

அன்புக் குடும்பங்களே! பழைய எண்ணெய், வண்ணப்பூச்சு, மீந்த மருந்து ஆகியவற்றைச் சாக்கடையில் ஊற்றாதிருப்போம். சுத்திகரித்த நீரின் பரிசோதனை முடிவை உழவர் அறியும்படி வெளியிடுமாறு நகராட்சியிடம் கேட்போம். வயலில் இறங்குவோருக்குக் காலணியும் கையுறையும் கொடுப்போம். எருவிட்ட தோட்டக்காரன் பொறுமையோடு உழைத்தான். நாம் பொறுமையோடு நீதியையும் சேர்த்து உழைப்போமாக.