கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு நிலப்போர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

பவளம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நவமணிகளுள் ஒன்றான அந்தச் சிவந்த மணிதான். அது மத்தியதரைக் கடலில் மிக மெதுவாக வளரும் கொராலியம் என்னும் உயிரியின் உட்கூடு. நம் துறை அருங்காட்சியகத்தில் வெள்ளை வெளேரென்று அடுக்கி வைக்கப்பட்டுள்ள கற்கள் வேறு இனத்தைச் சேர்ந்தவை. கடலடியில் பாறைத்திட்டுகளைக் கட்டுபவை இவையே. 'குழியுடலிகள் தொகுதி, ஆந்தோசோவா வகுப்பு' என்று எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். அந்தக் கல்லின்மேல் உயிரோடு இருந்த விலங்கு தன் அண்டை வீட்டானை உயிரோடு செரித்துவிடும் ஆற்றல் படைத்தது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

பவள உயிரியின் அமைப்பு நாம் அறிந்த ஹைடிராவைப் போன்றதே. ஒரு குழாய் உடல், ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்நீட்சிகள், அவற்றில் கொட்டும் செல்கள். ஆயிரக்கணக்கான உயிரிகள் ஒன்றாக இணைந்து, அடியில் சுண்ணாம்பைச் சுரந்து, ஒரே கூட்டமாக வாழ்கின்றன. திசுக்களுக்குள் சூசாந்தெல்லா என்னும் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருந்து, ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கும் உணவில் பெரும்பங்கை வீட்டுக்காரனுக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகின்றன. ஆகவே பவளத்துக்குத் தேவையானவை இரண்டு: ஊன்றி நிற்க இடம், மேலிருந்து ஒளி. அது நகர முடியாத விலங்கு. பக்கத்தில் ஒருவன் வந்தால் விலகிப் போக வழியில்லை. போர் மூள்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

இந்தப் போரை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பை உண்டாக்கியவர்களுள் முன்னோடி என்று இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவரைக் கூறலாம். கடற்பாறைத் துண்டுகளை அவற்றில் ஒட்டியிருந்த நுண்ணுயிர்களோடு தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழிகளை மட்டும் செலுத்தி, பவளங்களை உயிரோடு வைத்திருந்தார். 1961-ஆம் ஆண்டில் அவர் முறை அமெரிக்க இதழொன்றில் வெளிவந்தது. கழிவுகளை அந்தப் பாறையில் வாழும் பாக்டீரியாக்களே மாற்றிவிடுகின்றன என்பது அம்முறையின் உட்பொருள். பின்னர் பெர்லின் நகர ஆர்வலர்கள் இத்துடன் வலிய விளக்கொளி, நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி, தெளிந்த சுண்ணாம்பு நீர் ஆகியவற்றைச் சேர்த்து, கடினப் பவளங்களையும் வளர்த்துக் காட்டினர். வெப்பம் 25 அல்லது 26 டிகிரி, உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் – இவ்வளவும் நாள்தோறும் பிசகாமல் இருக்க வேண்டும். இவை சரியாக அமைந்தபின் வளர்ப்பவருக்கு வரும் முதல் தொல்லை, பவளங்கள் நன்றாக வளர்ந்துவிடுவதுதான்.

போரின் முதல் ஆயுதத்தைத் தெளிவாக்கியவர் ஜூடித் லாங் என்னும் அம்மையார். ஜமைக்காத் தீவில் ஆய்வு செய்த அவர், ஒரே இனத்தின் இரு வடிவங்கள் என்று கருதப்பட்ட ஸ்கோலிமியாப் பவளங்களை அருகருகே வைத்தார். ஒன்று தன் உடலுக்குள்ளிருந்து மெல்லிய செரிமான இழைகளை வெளியே செலுத்தி, மற்றதன் சதையைக் கரைத்துவிட்டது. தன் இனத்தைச் சேர்ந்ததை அது இவ்வாறு தொடுவதில்லை. ஆகவே அவை இரு வேறு இனங்கள் என்று 1971-ஆம் ஆண்டில் எழுதினார். வகைப்பாட்டியல் அறிஞர்கள் எலும்புக்கூட்டைப் பார்த்துத் தீர்க்க முடியாத வழக்கை அந்த விலங்கே தீர்த்துவைத்தது! (நம் வகைப்பாட்டியல் தாளிலும் இப்படி யாராவது வந்து உதவக்கூடாதா என்று தோன்றுகிறது.)

இரண்டாவது ஆயுதம் நீண்டது. கேலக்ஸியா என்னும் பவளம் பகலில் சிறு நட்சத்திரங்களை நெருக்கி நட்டதுபோல அழகாக இருக்கும். அண்டையில் வேற்றினம் வந்துவிட்டால், சில வாரங்களில் அதன் உணர்நீட்சிகளில் சில மாறுதலடைந்து நீளத் தொடங்கும். ஒரு சாண் நீளம்கூட எட்டும். நுனியில் சாதாரண நீட்சிகளில் இல்லாத அளவுக்குக் கொட்டும் செல்கள் திரண்டிருக்கும். இரவில் இவை நீரோட்டத்தில் மிதந்து துழாவும். பட்ட இடம் வெந்துபோகும்.

எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் சிங்கப்பூரில் வீடுகளுக்குச் சென்று மீன்தொட்டிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். நான் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஒரு தொட்டியை ஆறு மாதம், வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று அலைபேசியில் படமெடுத்து அனுப்பினார். அந்த வீட்டார் இசைந்தபோது விளக்கணைந்த பின்பும் சிவப்பு ஒளியில் எடுத்தார். சிவப்பொளி பவளத்தை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. தொட்டியில் கேலக்ஸியாவுக்கும் தட்டுப்போல் வளரும் மான்டிபோராவுக்கும் நான்கு விரற்கடை இடைவெளி. முதலிரண்டு வாரப் படங்களில் ஒன்றுமில்லை. பிறகு இரவுப் படங்களில் கண்ணாடி இழைகள் போன்ற நீட்சிகள், நீரோட்டம் போகும் பக்கமாக மட்டும் தென்பட்டன. அடுத்து மான்டிபோராவின் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை. வென்ற கேலக்ஸியா அந்த நிலத்தைப் பிடிக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். அது அசையவில்லை. வெறுமையான பட்டையில் முதலில் பச்சைப் பாசி படர்ந்தது. பிறகு பக்கத்துக் கல்லிலிருந்து ஜீனியா என்னும் மென்பவளம் ஒரு காலை நீட்டி ஏறி, ஐந்தாம் மாதத்துக்குள் முழுவதையும் மூடிவிட்டது. பலத்த ஆயுதம் ஏதுமில்லாத அந்த ஜீனியா, உள்ளங்கையை விரித்து மூடுவதுபோல் தன் உயிரிகளை அசைத்துக்கொண்டு, இருவர் சண்டையில் நிலத்தைக் கொண்டுபோயிற்று.

விரைந்து வளர்பவனும் வலுத்துக் கொட்டுபவனும் பெரும்பாலும் ஒருவனல்லன் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கிளைவிடும் அக்ரோபோரா சில இனங்களில் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேலும் நீளும். பாறாங்கல் போன்ற போரைட்டஸ் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். லாங் அம்மையாரின் வரிசையில் கொடிய செரிப்பாளர்கள் பலரும் மெதுவாக வளரும் சிறு பவளங்களே. அக்ரோபோரா கைகலப்பில் தோற்கும். ஆனால் மேலே கிளை பரப்பி, கீழிருப்பவனுக்கு ஒளி விழாமல் செய்துவிடும். ஹிட்னோபோரா போல இரு திறமும் ஒருங்கே வாய்த்தவையும் சில உண்டு. அவற்றைச் சிறு தொட்டியில் வைப்பவர் துணிச்சல்காரர்தான். மென்பவளங்களின் வழி வேறு. சைனுலேரியா முதலியவை டெர்பீன் வகைப் பொருள்களை நீரில் கசியவிட்டு, தொடாமலே அண்டையைத் தாக்குகின்றன. ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் சம்மார்கோ, கோல் முதலியோர் இதை 1983-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

இவ்வளவையும் அறிந்துதான் வளர்ப்பவர் தொட்டியை அமைக்க வேண்டும். கேலக்ஸியா, யூஃபில்லியா போன்றவற்றைச் சுற்றி ஒரு சாணாவது வெற்றிடம் விட்டு, நீரோட்டத்தின் கடைக்கோடியில் வைப்பது வழக்கம். அப்போது நீட்சிகள் ஆளில்லாத பக்கம் மிதக்கும். ஜீனியாவைத் தனிக் கல்லில், சுற்றிலும் மணல் விட்டுத் தீவாக வைக்கிறார்கள். நீரில் கரைந்த நஞ்சை வாங்கிக்கொள்ள வடிகட்டியில் கிளர்வூட்டிய கரி இடுவதுண்டு. ஒரே தாய்க் கூட்டத்திலிருந்து ஒடித்த இரு துண்டுகளைப் பக்கத்தில் வைத்தால் அவை சண்டையிடாமல் ஒன்றாக இணைந்துவிடும். தன்னையும் பிறரையும் பிரித்தறிய மூளையே இல்லாத உடலில் ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கிறது! பவளத்தின் உறவினரான பாலித்தோவாவைத் தொடும்போது மட்டும் மனிதனும் அஞ்ச வேண்டும். அதிலுள்ள பாலிடாக்சின் உலகின் மிகக் கொடிய நஞ்சுகளுள் ஒன்று. 1971-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளில் கிடைத்த உயிரியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அது ஒட்டிய கல்லை வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்யப்போய், ஆவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குச் சென்றவர்கள் உண்டு.

தொட்டிக்குள் இருக்கும்வரை இது வேடிக்கை. வெனிசுலா நாட்டுக் கடற்கரையில், பசிபிக் பகுதியைச் சேர்ந்த ஜீனியா வகை மென்பவளம் ஒன்று பரவிப் பவளத்திட்டுகளை மூடுவதாக 2014-ஆம் ஆண்டு ஆய்வொன்று தெரிவித்தது. அலங்காரத் தொட்டி வணிகத்தின் வழியே அது அங்கு வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். சிங்கப்பூர்ப் படங்களில் நான் கண்ட அதே வேலையை, மேலும் பெரிய நிலத்தில் அது செய்துகொண்டிருக்கிறது. நம் மன்னார் வளைகுடாவிலும் இதற்கு ஒப்பான ஒன்று நிகழ்ந்தது. வளர்ப்புக்கெனக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி, குருசடைத் தீவருகே பவளங்களின்மேல் படர்ந்ததை 2008-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். ஒளியை மறைக்கும் அக்ரோபோராவுக்கே ஒளியை மறைக்க ஒருவன் வந்துவிட்டான்.

நம் நாட்டில் இத்தகைய தொட்டி வைக்க ஆசைப்படும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. நம் கடலில் ஒரு துண்டு ஒடித்து வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். என் பாட்டனார் காலத்தில் இதே கல்லைப் படகு படகாக வெட்டிவந்து சுண்ணாம்புக் காளவாயில் இட்டார்கள். அவரும் அந்தக் கூலிக்குப் போனவர்தான். கடலுக்குப் போகும் என் தந்தையார் அதைப் 'பார்' என்பார். வலை கிழியும் இடம், மீன் கிடைக்கும் இடம் என்பதே அவர் கணக்கு. 'அது உயிருள்ள விலங்கு, இரவில் சண்டை போடும்' என்று அந்தப் படங்களைக் காட்டியபோது நெடுநேரம் பார்த்துவிட்டு, 'அதான் கையில பட்டா அரிக்குது' என்றார்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 117 கடினப் பவள இனங்கள் 2007-ஆம் ஆண்டளவில் பட்டியலிடப்பட்டன. கேலக்ஸியாவும் அவற்றுள் உண்டு. கடலுக்குள் இறங்கிப் பார்க்கும் வசதி நமக்கு இன்றில்லை. ஆனால் துறை அருங்காட்சியகத்தின் மூன்றாம் அடுக்கில், சட்டம் வருவதற்கு முன்பே சேகரிக்கப்பட்ட ஒரு பெரிய கல் இருக்கிறது. ஒட்டுச்சீட்டில் 'மாட்ரிபோரா' என்று பழைய பெயர் மட்டுமே எழுதியுள்ளது. திருப்பிப் பார்த்தால் அதில் இரு இனங்கள் இருப்பது தெரியும். ஒருபுறம் கிளையின் நுண்குழிகள், மறுபுறம் துருத்தி நிற்கும் நட்சத்திரக் கிண்ணங்கள், நடுவில் குழியே இல்லாமல் மழுங்கிய ஒரு பட்டை. அளந்து பார்த்தேன்: 3 சென்டிமீட்டர். எந்தப் பக்கம் வென்றது என்று விரிவுரையாளர்களுக்குள்ளேயே இரு கருத்து இருக்கிறது. பார்க்க விரும்புவோர் ஆய்வக உதவியாளரிடம் கேட்டால் கைவில்லையும் தருவார்.